பெண்ணெ பேடா

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் போர்த்துகீசிய உணவகம் தேடிப் போகிறவர் கண்ணில் லேத் பட்டறையும் பவுடர் கோட்டிங் ஷெட்டும்தான் படும். ஆனால் ஷிஃப்ட் முடிந்து தள்ளுவண்டி முன் நின்று பாவ் பாஜி தின்கிறவர், தமக்குத் தெரியாமலே பாதி லிஸ்பனைத் தின்றுகொண்டிருக்கிறார். பாவ் என்ற பெயரே ரொட்டிக்குப் போர்த்துகீசியர்கள் வைத்தது. உருளைக்கிழங்கு, மிளகாய், தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அவர்கள் கப்பல் வழியாகத்தான் இங்கே வந்தன என்பார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கும்வரை நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான்.

உப்பிட்ட காட் மீனும் பன்றியும் தின்கிற போர்ச்சுகலில், பால், நெய் உட்பட விலங்குப்பொருள் எதையும் தொடாத வீகன்காரருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘கால்து வெர்த்’ என்ற அவர்களுடைய பேர்போன சூப்பில் இருப்பது உருளைக்கிழங்கு, கீரை, பூண்டு, ஆலிவ் எண்ணெய். மேலே மிதக்கும் இறைச்சித் துண்டைப் போடாமல் விட்டால் போதும். அரசுப் பள்ளி, மருத்துவமனை, சிறை உணவகங்களில் விலங்குப்பொருள் கலக்காத சாப்பாடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2017இல் அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள். நம் ‘ப்யூர் வெஜ்’ ஹோட்டலில் நெய்யில்லாத பொங்கல் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பீன்யா வண்டிக்காரரிடம் ‘பெண்ணெ பேடா’ (வெண்ணெய் வேண்டாம்) என்று கன்னடத்தில் சொன்னால் புரியும். கல்லில் வெண்ணெய்க் கட்டி விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாவில் பால் சேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.