குழந்தையின் உரிமையா, பெற்றோரின் சலுகையா?

ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை எடைபோட விரும்புவோர் அதன் பல்கலைக் கழகங்களையே முதலிற் பார்ப்பர். பாலர் வகுப்பைப் பார்ப்பதே தகும் என்பது என் கருத்து. அவ்வகையில் வேல்ஸ் நாட்டின் அனுபவம் ஆசிரிய உலகம் ஊன்றிக் கவனிக்கத் தக்கதாகும்.

வேல்ஸ் ஏறத்தாழ 31 இலட்சம் மக்களைக் கொண்ட சிறுநாடு. எனினும் பாலர் கல்வி வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. 1816ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் நியூ லனாக் ஆலைக் கிராமத்திலே தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பாடசாலை திறந்த றொபேட் ஓவன் வேல்ஸ் மண்ணிற் பிறந்தவர். ஏட்டைக் காட்டி அச்சுறுத்தாது, ஆடலாலும் பாடலாலும் கண்முன் உள்ள பொருள்களாலும் பிஞ்சு உள்ளத்துக்கு அறிவூட்டலாம் என அவர் கண்டார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின், 2008 தொடக்கம், வேல்ஸ் அரசாங்கம் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டுவழிக் கல்வியைப் படிப்படியாகப் புகுத்திற்று.

இது பாராட்டுக்குரியது. ஆயின், அந்நாட்டுக் கொள்கையில் ஒரு முரண்பாடும் உண்டு. 2019இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட திட்டத்தின்படி, தொழில் புரியும் பெற்றோரின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 48 வாரங்கள், கல்வியும் பராமரிப்பும் அரசாங்கச் செலவிற் கிடைக்கும். தொழிலற்ற வீட்டுக் குழந்தைக்கோ, பாடசாலைத் தவணைக் காலத்தில் வாரம் குறைந்தது 10 மணி நேரக் கல்வியே உறுதி. 2022இல், கல்வி பயிலும் பெற்றோரும் இதிற் சேர்க்கப்பட்டனர். எனினும் அடிப்படை மாறவில்லை. தாயும் தந்தையும் தனித்தனியே ஆண்டுக்கு ஓர் இலட்சம் பவுண் வரை உழைத்தாலும் சலுகை உண்டு. உழைக்க வழியற்றவரின் பிள்ளைக்கு அது இல்லை.

தாய்மார் வேலைக்குச் செல்ல உதவுவதும் வறுமையை அகற்றும் வழியன்றோ என்று கேட்கலாம். உண்மையே. அந்நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், பெற்றோரின் தொழிலை அளவுகோலாகக் கொண்டு குழந்தையின் கல்வி நேரத்தை அளந்து கொடுப்பது எந்த நீதி? வீட்டிற் புத்தகமும் வசதியும் குறைந்த பிள்ளைக்கே பாலர் வகுப்பு மிகுதியும் தேவை.

வறிய பகுதிகளுக்கென 2006ஆம் ஆண்டளவில் எழுந்த 'பிளையிங் ஸ்டார்ட்' திட்டம் இக்குறையை ஓரளவு நிரப்பிற்று. இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் இரண்டரை மணி நேரப் பராமரிப்பு, தாதியரின் வருகை, பெற்றோருக்கு வழிகாட்டல், பேச்சு வளர்ச்சிக்கு உதவி ஆகியவை அதன் அங்கங்கள். ஆயினும் வறுமை வட்டாரத்தின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. 2022 முதல் இரண்டு வயதினரின் பராமரிப்பை ஏனைய பகுதிகளுக்கும் விரிக்க முனைந்தமை இவ்வுண்மையை ஏற்றதன் அடையாளம் எனலாம்.

மொழிப் பிரச்சினையும் இதனோடு பிணைந்ததே. வெல்ஷ் மொழியிற் பாலர் வகுப்புகளை வளர்க்க 1971இல் ஓர் இயக்கம் தோன்றிற்று. 2050க்குள் வெல்ஷ் பேசுவோரைப் பத்து இலட்சமாக்குவோம் என்று அரசாங்கம் 2017இல் உறுதி பூண்டது. ஆனால் 2011இல் 5,62,000 ஆக இருந்த தொகை, 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 5,38,000 ஆகக் குறைந்தது. சிறுவரிடையே ஏற்பட்ட வீழ்ச்சியே இதற்குப் பெரிதும் காரணம். ஆங்கிலமே பேசும் வீட்டுக் குழந்தைக்கு வெல்ஷ் மொழி வாயில் ஏறும் இடம் பாலர் வகுப்பே. அங்கு அதன் நேரத்தைக் குறைப்பது மொழியின் வேருக்கு விடும் நீரைக் குறைப்பதாகும்.

ஆகவே முதலிடம் பெறவேண்டியவை மூன்று. பெற்றோரின் நிலை எதுவாயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான நேரம். குழந்தைகளைப் பேணுவோர்க்கு நல்ல பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும். வெல்ஷ் அறிந்த பாலர் ஆசிரியர்கள். பணம் போதாது என்பர். அப்படியாயின் இருப்பதைப் பங்கிடுகையில் குறைந்தவனுக்கு முதலிற் கொடுக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் தந்தையின் சம்பளச் சீட்டைக் கேட்கும் கல்விக் கொள்கை, ஓவன் பிறந்த நாட்டுக்கு அழகன்று.