பூங்காவுக்குப் போகும் நம்ம பையில் என்ன இருக்கு?



போன விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வைகை அணைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். 1959-இல் திறந்த அணை. அதுக்குக் கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் பூங்கா. எங்க தலைமுறைக்கு வைகை டேம்னாலே கட்டுச்சோறுதான். தூக்குவாளியில் புளியோதரை, சாப்பிட வாழை இலை. இலையை மாடு தின்னும், மிச்சம் மண்ணாகும்.

இந்தத் தடவை மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், பிளாஸ்டிக் தட்டையும் கப்பையும் அப்படியே போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. அப்புறம் எங்க பையைப் பார்த்தேன். தண்ணி பாட்டில் நாலு, சிப்ஸ் பாக்கெட் ஏழெட்டு, பாலித்தீன் கவர் வேற. வங்கி வேலையை விட்டு வந்ததிலிருந்து ரசாயனம் தொடாமல் விவசாயம் பண்றவன் வீட்டுப் பை இது! குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வந்தோம். ஆனாலும் வாங்கினது நாங்கதானே?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணி லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டின்னு நம்ம ஊர்களைத் தொட்டுத்தான் வைகையில் சேர்ந்து அணைக்கு வருது. நாம வாய்க்கால் ஓரம் எறியற மருந்து டப்பாவும் அதே வழியில்தான் போகும். பூங்காவில் எறியறது, கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் உழவர்களைத் தேடிப் போகும். சுற்றுலா வர்றவங்களை மட்டும் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

ஒருமுறை பயன்படுத்திப் போடும் பிளாஸ்டிக் தட்டு, கப், கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு. தடை மட்டும் போதாது, பசிக்கிற இடத்தில் மாற்றும் கிடைக்கணும். அங்கேதான் நமக்கு வேலை இருக்குன்னு நினைக்கிறேன்.

விடுமுறை நாள்களில் பூங்கா வாசலில் நம்ம இயற்கை விவசாயக் குழுக்கள் கடை போட அனுமதி கேட்போம். மண் குவளையில் நீர்மோர், வாழை இலையில் பொதிந்த சாப்பாடு, புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை, நாட்டு வாழைப்பழம் விற்கலாம். "இயற்கைன்னு சொல்லிட்டு யாவாரமா?"ன்னு கேட்பாங்க. ஆமா, யாவாரம்தான். கட்டுப்படியானால்தானே எந்த நல்ல காரியமும் நிலைக்கும்? கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளினவன் சொல்றேன்.

கடை வரும்போது வரட்டும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிறவங்க, முதல்ல பரண்மேல் கிடக்கிற தூக்குவாளியை இறக்குங்க. எங்க வீட்டில் இறக்கியாச்சு.