திருக்கையின் முள்ளும் ஒரு குடுவை வெந்நீரும்

கட்டுமரத்தில் கடலுக்குச் செல்லும் மீனவரும், கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவரும் ஒரு வகையில் ஒத்த நிலையினரே. இருவரும் நீர்மட்டத்திற்கு ஓரிரு சாண் உயரத்தில் அமர்ந்திருக்கின்றனர். பிடிபட்ட மீனைத் தள்ளி வைப்பதற்கு இருவருக்கும் தம் கால்மாட்டைத் தவிர வேறு இடம் இல்லை. ஆர்க்டிக் பகுதி மக்கள் சீல் வேட்டைக்கென அமைத்த கயாக்கு இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு நம் நாட்டுக் கடற்கரைகளிலும் காணப்படுகிறது. கட்டுமரமோ பல இடங்களில் கண்ணாடியிழைப் படகிற்கு இடம் விட்டு வருகிறது. கலத்தின் வடிவம் மாறினாலும், தூண்டிலில் திருக்கை ஏறிய கணத்தில் எழும் அபாயம் மாறவில்லை. அந்த அபாயத்திற்குரிய முதற் சிகிச்சை மிக எளிதாயிருந்தும், அது படகில் இருப்பதில்லை என்பதே வருந்தத்தக்கது.

திருக்கை மணலில் தன்னை மூடிக்கொண்டு கிடக்கும் மீன். வாய் அடிப்புறத்தில் இருப்பதால், கண்ணுக்குப் பின்னுள்ள துளைகளின் வழியே நீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கிறது. நண்டு, இறால், சிப்பி ஆகியவற்றை நொறுக்கித் தின்னும் இயல்புடையதாதலின், தரையோடு படியும் இரையையே அது நாடும். நம் கரையில் இதற்கென்றே தனி வலையும் உண்டு; திருக்கை வலை என்பது அதன் பெயர். தூண்டிலில் அகப்பட்டால் அது ஓடுவதை விடத் தரையோடு ஒட்டிக்கொள்வதையே விரும்புகிறது. பெரிய திருக்கையைத் தூக்க முயல்பவர் கடலின் அடித்தரையையே இழுப்பதாக எண்ணும்படி ஆகும். சிறு கலத்தில் இருப்பவர் கயிற்றை முன்னணியத்தின் வழியாகவே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கலம் கவிழும். கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் அவசியம். மடியில் கொள்ளாத மீனைக் கலத்தில் ஏற்றுவதைக் காட்டிலும், கயிற்றைத் தூண்டில் முள்ளுக்கு அருகில் அறுத்து விடுவதே அறிவுடைமை. உணவிற்கு வேண்டுமாயின், ஆழம் குறைந்த கரைக்கு இழுத்துச் சென்று மணலில் ஏற்றிக்கொள்வது நலம்.

மீனின் வாலில் உள்ள முள் ஆயுதம் போன்றது. பல்லின் பொருளை ஒத்த பொருளால் ஆன அதன் இரு விளிம்புகளிலும் பின்னோக்கிச் சாய்ந்த அரம்பப் பற்கள் உள்ளன. விஷத் திசு அதன் கீழ்ப்புறப் பள்ளங்களில் அமைந்து, மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்கிறது. முள் தைக்கும்போது உறை கிழிந்து விஷம் புண்ணில் கலக்கிறது. முள் எங்குள்ளது என்பதும் எல்லா வகைகளிலும் ஒன்றாயில்லை. சாட்டை போன்ற வாலுடைய வகைகளில் அது வாலின் அடியிலிருந்து சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். பறவை போல் சிறகடித்து நீந்தும் கழுகுத் திருக்கை வகைகளிலோ அது வாலின் அடியிலேயே, முதுகுத் துடுப்பை ஒட்டி இருக்கும். ஆகவே, வாலின் அடியைப் பற்றினால் பயமில்லை என்று ஒரு வகையிடம் கற்ற பாடம் மற்றொரு வகையிடம் கையைக் காயப்படுத்தும். ஒரே மீனுக்கு இரண்டு முட்கள் இருப்பதும் உண்டு. செத்த மீனின் முள்ளும் விஷம் உடையதே. பிடித்தவுடன் வாலை அறுத்து மணலில் எறிந்துவிடும் வழக்கம், வெறுங்காலுடன் வரும் அடுத்தவருக்கு வைத்த கண்ணியாக முடிகிறது. அறுத்த வாலைத் தகர டப்பாவில் இடுவதற்கு ஆகும் செலவு என்ன?

தைத்த பின் நோவு மெல்ல மெல்ல ஏறி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. இரண்டு நாள் வரை நீடிப்பதும் உண்டு. 1950களில் கலிபோர்னியாவில் டாக்டர் பின்ட்லே ரஸ்ஸல் திருக்கை விஷத்தை ஆராய்ந்தார். அவ்விஷம் புரதத் தன்மையுடையது, உஷ்ணத்தால் வலுக் குன்றுவது என்பது தெரிய வந்தது. உஷ்ணம் விஷத்தையே சிதைக்கிறதா, அல்லது நோவை உணரும் நரம்பை மழுக்குகிறதா என்பதில் இன்று கருத்து வேறுபாடு உண்டு. எனினும், 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத வெந்நீரில் காயமுற்ற உறுப்பை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பது பெரும்பாலோருக்கு நோவைத் தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒத்தடம் என்ற சொல் எல்லா வீட்டிலும் வழங்கும் நம் நாட்டில் இது புதுமையும் அன்று. ஆயினும் கைக்குக் கிட்டியதை வைத்துக் கட்டிப் புண்ணை மூடிவிட்டு, நோவைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதே இன்னும் வழக்கமாயிருக்கிறது.

வெந்நீர்க் குடுவை படகில் ஒரு சுமை என்பர். இதற்குக் கணக்கே விடையளிக்கும். குடுவையில் ஏறத்தாழ 80 டிகிரியில் உள்ள நீர் ஒரு பங்கும், 28 டிகிரியில் உள்ள கடல்நீர் இரண்டு பங்கும் கலந்தால் 45 டிகிரி கிடைக்கும். ஒரு லிட்டர் குடுவை இவ்வாறு மூன்று லிட்டர் சிகிச்சை நீராகிறது. கையொன்று அமிழ அது போதுமானது. முதலில் பாதியை மட்டும் கலந்து, ஆறும்போது எஞ்சியதைச் சேர்க்கலாம். அப்போது அடிபட்ட உறுப்பை வெளியே எடுத்துக்கொள்வது நன்று. ஒன்றை மறக்கலாகாது: நீரின் சூட்டை அடிபடாத கையாலேயே சோதிக்க வேண்டும். நோவால் துடிக்கும் உறுப்பு சூட்டை அறியாது. அதனால் வெந்துபோனவர்களும் உண்டு.

வெந்நீர் எல்லாவற்றையும் தீர்க்காது. புண்ணில் முள்ளின் துணுக்கோ உறையோ தங்கியிருக்கலாம். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும், டெட்டனஸ் ஊசி போடவும் நேரிடும். மார்பு, வயிறு, கழுத்து ஆகியவற்றில் முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்கலாகாது. 2006 செப்டம்பர் 4ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலில் ஸ்டீவ் இர்வின் உயிரிழந்தது மார்பில் பாய்ந்த முள்ளால் அன்றோ? அத்தகைய மரணங்கள் அரியவை. கைகால் காயங்களோ சாதாரணமானவை. நாட்கூலியை இழக்கச் செய்வனவும் இவையே. தைக்காமலிருக்க ஒரு எளிய வழியும் உண்டு: கலத்தைத் தள்ளிக்கொண்டு ஆழங்குறைந்த நீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகி ஓடிவிடும்.

பிடித்ததெல்லாம் கூடைக்கு உரியதன்று. உடல் முழுதும் முட்கள் நிறைந்த முள்ளந்திருக்கையும், திருக்கைக்கு உறவினமான வேளா மீன்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. வாலில் விஷ முள் இல்லாத காரணத்தால் முள்ளந்திருக்கையை எளிதில் கையாளலாமே என எண்ணுதல் குற்றத்திற்கு வழிகோலும். திருக்கை முட்டையிட்டுப் பெருகும் மீனும் அன்று. சில குட்டிகளையே ஈனும். பிடிபட்ட அதிர்ச்சியில் சினைத் திருக்கை குட்டிகளைக் கலத்திலேயே ஈன்றுவிடும். அவை உயிருடன் இருப்பின் உடனே நீரில் விடலாம். இதற்குச் சட்டத்தின் கட்டளை தேவையில்லை.

சமையலில் திருக்கைக்கு ஒரு குறை கூறுவர்: நாற்றம். அது மீனின் குற்றமன்று, தாமதத்தின் குற்றம். திருக்கையின் தசையில் யூரியா மிகுதி. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. ஆதலின் பிடித்தவுடன் இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் இட வேண்டும். யூரியா நீரில் கரைவதால் உப்பு நீரில் அலசுவதும் பயன் தரும். உணவாவது இரு பக்கச் செட்டைகளே. நம் பெண்டிர் புளியிலும், கேரளத்தார் குடம்புளியிலும், கோவாவினர் அம்போட் திக் என்னும் புளிப்புக் காரக் குழம்பிலும் இம்மீனைச் சமைப்பதன் பொருள் ஒன்றே: புளிப்பு அம்மோனியாவை அடக்குகிறது. ஆய்வுக்கூடம் தோன்றுமுன்னரே அடுப்பங்கரை இதைக் கண்டது. புட்டு செய்வோர் செட்டையை வெந்நீரில் இட்டுத் தோலை உரித்து, வெந்த சதையை உதிர்த்துப் பிழிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டுடன் வதக்குகின்றனர். எலும்பிற்குப் பதில் குருத்தெலும்பே இருப்பதால் குழந்தைகளுக்கும் அச்சமின்றி ஊட்டலாம்.

மீன்வளத் துறையின் கையேடுகள் வலைக் கண்ணின் அளவையும் பனிக்கட்டியின் அளவையும் விரிவாகக் கூறுவது நன்றே. வெந்நீர் பற்றிய நான்கு வரியும் அவற்றில் இடம்பெற வேண்டும். மீன் இறங்கு தளத்தின் சுவரில் எழுதி வைப்பது இன்னும் நன்று. குடுவை எடுத்துச் செல்லாதவருக்கும் வழி அடைபட்டு விடவில்லை. மீன் இறங்கும் கரையில் தேநீர்க் கடையைக் காணாதிருப்பது அரிது. அதிகாலை முதல் அங்கே பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது. முள் தைத்தவரைத் தோள் கொடுத்து வண்டியேற்றும் நண்பர்கள் பலமுறை அந்தக் கடையைத் தாண்டியே செல்கின்றனர்.