வாசலில் வேப்பிலை இல்லாத காலம்

மாசி கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்தால் எங்கள் பக்கம் இரண்டு பேச்சுதான். ஒன்று சமயபுரம், இன்னொன்று அம்மை. அதே சமயத்தில்தான் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சையும் வருகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்றால் நம் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் நடந்தது. நடுவர் ஸ்தானம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை என்று வியாழக்கிழமை ராத்திரி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. நாளையிலிருந்து அனுப்ப மாட்டோம் என்று பாதிப் பேர். இதற்கெல்லாம் பயந்தால் பரீட்சை என்னாவது என்று மீதிப் பேர். நாள் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். தொற்றிக்கொண்டவருக்கு அது வெளியே தெரிய 10 நாளும் ஆகலாம், 21 நாளும் ஆகலாம். ஆக, வியாழக்கிழமை செய்தி வந்தபோதே, செவ்வாயும் புதனும் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வர வேண்டியது வந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு போட்டால் பிள்ளைக்கு டி.வி. பார்க்கக் கிடைக்கும், அவ்வளவுதான். அம்மையிலிருந்து தப்பவே லீவு என்றால் மூன்று வாரம் போட வேண்டும். அதற்குள் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால், நன்றாக ஓடியாடும் பிள்ளையைப் பயத்துக்காக வீட்டில் நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னொரு விஷயம் இருந்தது. சின்ன மருமகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவளுக்குச் சிறு வயதில் அம்மை போட்டதாக அவள் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போகலாம், வயிற்றில் இருப்பதற்கும் நல்லதல்ல.

"பேசாம குழந்தைய வீட்லயே வெச்சுக்கலாம்" என்றாள் என் மனைவி. பெரிய மருமகளும் தலையாட்டினாள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பேத்தி வீட்டில் இருந்தால் காலை முதல் ராத்திரி வரை சித்தி மடியில்தான் இருப்பாள். அவளுக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் யாரைக் காப்பாற்ற நினைத்தோமோ அவளிடமே கொண்டுபோய் உட்கார வைத்ததாக ஆகும். இதைச் சொன்னதும் வீடு அமைதியாகிவிட்டது.

டாக்டரம்மா சொன்ன வழி இது. தொற்றிய பிள்ளையும் முதல் வாரத்தில் யாருக்கும் கொடுக்காது, எட்டாம் நாளிலிருந்துதான் ஜாக்கிரதை தேவை. அதற்குள் மருமகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. பேத்திக்குச் சின்னம்மைத் தடுப்பூசி ஒரு டோஸ் போட்டிருந்தது, இரண்டாவது பாக்கி. அதை உடனே போட்டுவிடலாம், அம்மைக்காரரோடு பழகி மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டால் பலன் உண்டு. (கர்ப்பிணிக்கு மட்டும் இந்த ஊசி போடக்கூடாது. இது அரசாங்கம் இலவசமாகப் போடும் பட்டியலில் இல்லாத ஊசி. காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.)

ரத்த ரிப்போர்ட்டில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தது. மருமகள் கரூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

"நான் ஏன் மாமா போகணும்? பாப்பாவ அவங்க தாத்தா வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அங்கே வயதானவர் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கிறார், அவருக்கும் இது ஆகாது என்று விளக்கினேன். சரி என்றாள், ஆனால் முகம் மாறவில்லை. வீட்டில் எடுக்கும் முடிவு சரியாக இருந்தாலும் அதன் பாரம் யாராவது ஒருத்தர் தலையில்தான் விழுகிறது, பெரும்பாலும் மருமகள் தலையில்.

பேத்தி பள்ளிக்கூடம் போய் வந்தாள். பதினான்காம் நாள் காலை முதுகில் நாலு, வயிற்றில் மூன்று கொப்புளம். ஊசி போட்டிருந்ததால் பெரிதாகப் படரவில்லை. அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை, இரண்டு பரீட்சை போயிற்று. "அப்படின்னா கடைசி ரெண்டு நாள் ஸ்கூல்ல பரப்பியிருப்பாளேப்பா" என்றான் மகன். பரப்பியிருக்கலாம். அந்த வகுப்பில் எல்லாரும் ஒரே பையனோடு பழகியவர்கள் என்பது ஒரு சமாதானம், முழுச் சமாதானம் இல்லை. கர்ப்பமாக ஒரு டீச்சர் இருந்திருந்தால் நானே வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

என் கோபம் வேறு இடத்தில். நம் காலத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். தாளிக்கிற வாசனை வராது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். பெரியம்மை இந்தியாவில் 1975-ல்தான் ஒழிந்தது, அதைக் கண்ணால் பார்த்தவர்களின் ஏற்பாடு அது. வைத்தியத்துக்குப் போகாமல் இருந்தது தவறுதான், ஆனால் ஊருக்குத் தெரியப்படுத்தியது சரி. இன்றைக்கு அடுக்குமாடிக் கதவில் வேப்பிலை இல்லை. காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றி, முழுக்கைச் சட்டை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு மருந்து இறங்கியதும் டீச்சர் போன் செய்கிறார். ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைப் பள்ளிகள் முதலில் நிறுத்த வேண்டும். சுரத்தோடு வந்த பிள்ளைக்குக் கைதட்டல் எதற்கு?

எல்லா அம்மாக்களும் பிடிவாதத்தால் அனுப்புவதில்லை என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகன் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அங்கேதான். அவனுக்கும் அதே மாதம் அம்மை. வீட்டில் வைத்தால் இரண்டு வேளைச் சாப்பாடும் போகும், நாலு வீட்டு வேலையும் நிற்கும். அப்படியும் பத்து நாள் வைத்துக்கொண்டாள். நாங்கள் சம்பளம் பிடிக்கவில்லை. மற்ற மூன்று வீட்டில் இரண்டில் பிடித்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் சின்னக் குழந்தைகள் இருக்கின்றன.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. சின்னம்மை போட்டுப் போனபின் அந்தக் கிருமி நரம்புக்குள் தூங்கும். வயதானபின் விழித்து அக்கியாக வரும். குயவர் வீட்டுக்குப் போய்ச் செம்மண்ணால் எழுதிக்கொள்வோமே, அதே அக்கிதான். அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், அம்மையும் காணாத ஊசியும் போடாத பேரப்பிள்ளைக்குச் சின்னம்மை வரும். எனவே இடுப்பைச் சுற்றியோ விலாவிலோ ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் கண்டால் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போங்கள், மாத்திரை அப்போதுதான் நன்றாகக் கேட்கும். துணியால் மூடிவையுங்கள். காயும்வரை பேரனைத் தூக்க வேண்டாம்.