வளைவது டிக்கெட்டா, நம் முதுகா?

2025 ஆகஸ்டில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி, கொங்கண் ரயில்வே கார்களை ஏற்றிக்கொண்டு போகும் ரயிலை விட்டது. 1999-லிருந்து லாரிகளை இப்படி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், நம் காருக்கும் இடம் கொடுத்தார்கள். நவி மும்பையில் எங்கள் கட்டடத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. "இந்த மாதிரி திருநெல்வேலிக்கு ஒண்ணு விட்டா எப்படி இருக்கும்!" என்றார் தங்கமணி. நானும் ஆசையோடுதான் விவரங்களைப் படித்தேன். படித்து முடித்ததும் எரிச்சல்தான் மிச்சம்.

கோலாட்டிலிருந்து கோவா பக்கம் வெர்ணா வரை. காருக்கு 7,875 ரூபாய். பதிவு செய்யும்போது 4,000, கிளம்பும் அன்று மீதி. மாலை 5 மணி ரயிலுக்கு மதியம் 2 மணிக்கே ஆஜர். நம் காருக்குள் உட்கார்ந்து போகக்கூடாது, பக்கத்துப் பெட்டிக்குத் தனி டிக்கெட். அதுவும் காருக்கு மூன்று பேர்தான். (நாங்கள் நாலு பேர். நாலாவது ஆளை கேரியரில் கட்டுவதா?) இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 40 கார் ஏறக்கூடிய ரயிலில் 16 காருக்குக் குறைவாகப் பதிவானால் அன்றைய ரயில் ரத்து, கட்டின பணம் திரும்ப வரும் என்று ஒரு விதி.

பணம் வரும், சரி. ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின லீவு வருமா? அங்கே போட்டு வைத்த ஹோட்டல் அறை? அதாவது நான் தேதியைக் குறித்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், ரயில் மட்டும் இஷ்டம்போல் வரலாம், வராமலும் இருக்கலாம். காலி வண்டியை ஓட்டினால் நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த நஷ்ட பயத்தை ஏன் பயணி தலையில் மட்டும் கட்டுகிறார்கள் என்பதே என் கேள்வி.

மச்சினர் ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே 1994-லிருந்து கடலுக்கு அடியில் ஃபோக்ஸ்டனிலிருந்து கலே வரை கார் ஏற்றும் ரயில் ஓடுகிறது. 35 நிமிஷம், காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். சாதா டிக்கெட் மலிவு, நேரம் குறித்தது. இன்னொன்று 'ஃப்ளெக்ஸிபிளஸ்', விலை கூட. ஆனால் முன்னே பின்னே வந்தாலும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கொள்ளை விலை என்று திட்டுகிறார். திட்டட்டும். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு அர்த்தமாவது இருக்கிறது: பயணி வளையலாம்.

நம் நாட்டில் அதே சொல்லை என்ன செய்தார்கள் தெரியுமா? 2016 செப்டம்பர் 9-ல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளுக்கு 'ஃப்ளெக்ஸி கட்டணம்' வந்தது. பத்து சதவீத இடம் விற்க விற்க அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், தொடக்கத்தில் ஒன்றரை மடங்கு வரை ஏறியது! வளைவது கட்டணம் மட்டும், அதுவும் மேல்நோக்கி மட்டும். தேதி மாற்ற இம்மியும் வழி கூடவில்லை. தத்காலையும் பாருங்கள். அவசரம் என்றுதானே கூடுதல் காசு கொடுக்கிறோம்? உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது. அவசரக்காரனிடம் அதிகம் வாங்கிவிட்டு அவனையே கட்டிப் போடுவது என்ன வியாபாரமோ!

"ஒழுங்காத் திட்டம் போட்டா மாத்தவே வேண்டாமே, மாத்துற ஆளுக்காக மத்தவங்க ஏன் காசு கொடுக்கணும்?" என்பார் என் ஆபீஸ் நண்பர். அவருடைய அப்பா அம்மா இதே மும்பையில், ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறார்கள். அவர் திட்டம் போடலாம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி எண்பது வயதுப் பெரியவர்களை வைத்திருக்கிறவன் எதைத் திட்டம் போடுவது?

சில வருஷம் முன்பு மே லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். விமானத்தில், நாலு பேருக்கும் மாற்ற முடியாத மலிவு டிக்கெட். கம்பெனி பேர் எதற்கு, எல்லாம் ஒரே குட்டைதான். திரும்புவதற்கு முந்தின நாள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரெண்டு நாள் தள்ளிப் போடலாமா என்று போனில் கேட்டால், பழைய டிக்கெட் செல்லாது, புதிதாக எடுங்கள் என்றார்கள். 26,000 ரூபாய். நான் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதை அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "டிக்கெட் வீணாப் போயிரும்லா, நீ கிளம்புடே. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

கிளம்பிவிட்டேன். நாலாம் நாள் காலையில் தம்பி போன் செய்தான். அன்றைக்கு எடுத்த டிக்கெட் விலையை நான் பார்க்கவே இல்லை.

அதனால், மலிவாக முன்கூட்டியே எடுப்பவனே புத்திசாலி என்று யாராவது பாடம் எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. போகும் தேதி நம் கையில் இருக்கிறது, ஸ்கூல் லீவும் ஆபீஸ் லீவும் தீர்மானிப்பது. அதை மலிவாக எடுங்கள், அசையாத டிக்கெட்டாகவே இருக்கட்டும். திரும்பும் தேதி நம் கையில் இல்லை. அதற்கு மட்டும் கூடக் கொடுத்து மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். போக வர ரெண்டையும் ஒரே வகையில் சேர்த்து எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். மாற்றக்கூடியது என்றால் எவ்வளவு கட்டினால் மாற்றலாம், எத்தனை மணி நேரம் முன்பு என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். கட்டண வித்தியாசம் தனி என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும்தான்.

அடுத்த லீவுக்குப் போகும் டிக்கெட் எடுத்தாச்சு. அம்மா மட்டும்தான் இருக்கிறாள் இப்போது. திரும்புவதற்கு இன்னும் எடுக்கவில்லை. ரேட் ஏறுது, ஏறுது என்று தங்கமணி தினமும் சொல்கிறார். ஏறட்டும்.