குப்பனூர்ப் புன்செய்களில் தழையுரப் பயிர்: தனித்தா, கலந்தா?

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காட்டுக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று தொடங்கும் குப்பனூரை அடுத்த சரிவான புன்செய்களுக்கு, உரக் குறைவினும் மண்ணிழப்பே பெருங்கேடாகும். மரவள்ளி பிடுங்கிய நிலம் கிளறுண்டு வெறுமையாய்க் கிடக்கையில், சித்திரை வைகாசிகளில் பெய்யும் கோடை மழை மேல்மண்ணை ஓடைக்கு வாரிச் செல்கின்றது. அம்மண்ணை எத்தனை மூட்டை உரமும் மீட்டுத் தாராது. ஆகவே கோடை மழையிலேயே நிலத்தைப் பயிரால் மூடுதல் அவசியம். எப்பயிரால் என்பதே ஆராயத்தக்கது.

பயறினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஈட்டித் தருகின்றன. ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல் 1886-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். இவ்வினத்ததாகிய சணப்பை ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதைத்து, பூக்குந் தருணத்தில், அதாவது 45 முதல் 60 நாட்களுக்குள், மடக்கி உழுதால் விரைவில் மக்கும். ஆடிப்பட்டத்தில் சோளமோ நிலக்கடலையோ விதைக்கக் கருதுவோர் இதனைத் தனியே விதைத்தலே நன்று.

கோ. நம்மாழ்வார் (1938–2013) போன்றோர் பரப்பிய பலதானிய விதைப்பின் பயன் வேறு. கம்பு, சோளம் ஆகியவற்றின் சல்லிவேர் மண்ணைப் பற்றும். அவற்றின் தாள் மெல்ல மக்கி நெடுநாள் நிலத்தை மூடும். ஆனால் தானியப் பயிரை முற்றவிட்டு உழுதால், அத்தாளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களே மண்ணின் தழைச்சத்தைச் சிறிது காலம் கவர்ந்துகொள்ளும். நிலத்தின் ஈரமும் குறையும். எனவே ஒரு பட்டம் ஓய்வுபெறும் சரிவு நிலத்திற்கே கலப்பு விதைப்பு உரியது. அங்கும் உழாமல் அறுத்து மூடாக்காய்ப் பரப்புதல் மேலானது.

இனி, விதையினும் பெரிய தடை மேய்ச்சலாகும். கோடையில் அவிழ்த்துவிடப்படும் ஆடுமாடுகள் இளம் சணப்பை எஞ்சவிடா. கால்நடை மேயாத கொளுஞ்சி ஒரு மாற்றாம். எனினும் அது மெல்ல வளர்வது, கடின விதைத்தோல் உடையது. மணலுடன் தேய்த்தே விதைத்தல் வேண்டும். அதனினும் சிறந்தது, ஊராட்சியாரும் கிராம நிர்வாக அலுவலரும் நிலமுடையோரையும் மேய்ப்போரையும் கூட்டி, விதைப்பு முதல் 50 நாட்களுக்கு மேய்ச்சலுக்கு அடைக்கும் நிலங்களையும் திறந்துவிடும் நிலங்களையும் முன்னரே வரையறுத்தலாகும். நிலமற்ற ஏழையின் ஆட்டுக்கு வழி வகுக்காத கட்டுப்பாடு நிலைக்காது.

ஓராண்டுக் குத்தகைக்காரர் பிறர் மண்ணில் முதலிடத் தயங்குதல் இயல்பே. மண் நிலத்துக்குரியவரின் சொத்தாதலின், விதைச் செலவை அவரே ஏற்றல் முறையாகும்.