மளிகைக் கடைக்காரர் பெயரில் ஓர் உதவித்தொகை

மல்காஜ்கிரி இன்று ஐதராபாத் பெருநகரின் ஒரு பகுதி. 2007 ஆம் ஆண்டில் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாக, ஒரு சிறு நகரத்தின் இயல்போடு இருந்தது. இரயில்வேப் பணிக்கும் படைத்துறைப் பணிக்குமாகச் செகந்தராபாத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, அவ்வூர் மொழி பழகுவதற்கு முன்பே பழக்கமானவர் பெரும்பாலும் தெருமுனை மளிகைக் கடைக்காரராகவே இருந்தார். அவரிடம் நமக்கு ஒரு கணக்கு நோட்டு இருந்தது. தெலங்கானாத் தெலுங்கில் 'உத்தெர' எனப்படும் அந்தப் பற்றுக் கணக்கை நம்பியே நம்மில் பலருடைய மாதக் கடைசி கழிந்தது.

அத்தகைய கடைக்காரர்களின் தலைமுறை மெல்ல மறைந்து வருகிறது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். பேரங்காடிகளும், கைப்பேசியில் சொன்ன சில நிமிடங்களில் பொருளைக் கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் வந்துவிட்டன. மறைந்த ஒரு கடைக்காரர் நினைவாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று குடும்பத்தாரும் பழைய வாடிக்கையாளர்களும் எண்ணும்போது, கல்லூரி மாணவர்க்கு உதவித்தொகை என்னும் யோசனை எளிதில் எழுகிறது. அது நல்ல யோசனை. ஆயினும், பெயரை மட்டும் அவருடையதாக வைத்துக்கொண்டு முறையை வேறெங்கிருந்தோ எடுத்துக்கொண்டால், அது அவருக்கு உரிய நினைவாகாது என்பது நம் கருத்து. அவர் தம் கடையை நடத்திய முறையிலேயே அந்த உதவித்தொகையும் நடத்தப்பட வேண்டும்.

கடைக்காரரின் முறை

அந்த முறை எது என்று சற்று எண்ணிப் பார்ப்போம். மளிகைக் கடைக்காரர் வள்ளல் அல்லர். திரும்பி வராத கணக்குகள் மிகுந்தால் தம் கடையை மூட வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிவார். ஆகவே, யாருக்குப் பற்று எழுதலாம், எவ்வளவு வரை எழுதலாம் என்பதை அவர் கவனமாகவே முடிவு செய்தார். அந்த முடிவுக்கு அவர் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. எந்த வீட்டில் சம்பளம் தாமதமாகிறது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு நெருங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்கும் எண்ணெயின் அளவு குறைவதிலிருந்தே ஒரு குடும்பத்தின் நிலை அவருக்கு விளங்கிவிடும்.

இரண்டாவதாக, தேவைப்பட்ட அன்றைக்கே அவர் கொடுத்தார். அடுத்த மாதம் வந்து பார்க்குமாறு அரிசி கேட்டு வந்தவரிடம் சொல்லவில்லை. மூன்றாவதாக, கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதினார், ஊருக்குச் சொல்லவில்லை. இன்ன வீட்டுக்கு இவ்வளவு பாக்கி என்று கடை வாசலில் எழுதிவைத்தவரை நாம் நல்ல கடைக்காரர் என்று நினைவில் வைத்திருக்கவில்லை.

வீட்டின் நிலையை அறிதல், உரிய நாளில் கொடுத்தல், பெறுபவரின் மானத்தைக் காத்தல் ஆகிய இந்த மூன்றும் இன்று வழங்கப்படும் பல நினைவு உதவித்தொகைகளில் இல்லை. மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்றவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கட்டணம் செலுத்த வேண்டியது ஆடியிலோ ஆவணியிலோ. விழா நடைபெறுவதோ கல்லூரி ஆண்டுவிழாவின்போது. மேடையில் பெரிய அட்டைக் காசோலையோடு மாணவர் புகைப்படத்துக்கு நிற்கிறார்.

விருதுநகர் காட்டும் வழி

வணிகர்கள் கல்விக்குக் கொடுத்த வரலாறு தமிழருக்குப் புதிதன்று. விருதுநகர் வணிகர்கள் தாம் விற்ற சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கை 'மகமை' என்னும் பெயரில் பொது நிதிக்கு ஒதுக்கினர். அந்த நிதி அவ்வூரில் பள்ளி நடத்தப் பயன்பட்டது. வீட்டுப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைத்த 'பிடியரிசி'யும் அப்பணிக்கு உதவியது. ஒரு செல்வரின் பெருங்கொடையை எதிர்பாராமல், பல கடைகளும் பல அடுப்படிகளும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தாங்கின.

1903 இல் அவ்வூரில் ஒரு தேங்காய் வணிகரின் மகனாகப் பிறந்த காமராசர், அங்கிருந்த சத்திரிய வித்தியாசாலையில் படித்தார். ஆனால் இளவயதிலேயே தந்தையை இழந்ததால், படிப்பைத் தொடர இயலாமல் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். இந்த இடம் நம் சிந்தனைக்கு உரியது. ஊரே சேர்ந்து பள்ளி நடத்தியும், வீட்டில் வருமானம் இல்லாதபோது பிள்ளையால் பள்ளியில் நிற்க முடியவில்லை. பின்னாளில் முதலமைச்சரானபோது, பள்ளிகளைத் திறந்ததோடு நில்லாமல் மதிய உணவுக்கும் அவர் வழி செய்தார். கல்வியின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர்.

இன்றைய கல்லூரி மாணவர்க்கும் அதுவே நிலை. தெலங்கானாவில் நலிந்த பிரிவு மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே திருப்பிச் செலுத்தும் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் 2022 முதலும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின்கீழ் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பெருந்தொகை தேவைப்படுவோர்க்கு வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது. 4 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. இவ்வளவு இருந்தும் படிப்பு நடுவில் நின்றுபோவது ஏன்? தேர்வுக் கட்டணம், விடுதியின் உணவுக் கட்டணம், பேருந்துச் சலுகைச் சீட்டு, பழுதான மடிக்கணினி, அரசுத் தொகை வந்து சேரும்வரை கல்லூரி கேட்கும் முன்பணம் முதலிய சிறு தொகைகள் பல நேரங்களில் அதற்குக் காரணமாகின்றன. 8,000 ரூபாய்க்காக யாரும் கல்விக் கடனுக்கு விண்ணப்பிப்பதில்லை. முன்பு அத்தகைய இடைவெளியைக் கடந்து செல்ல மளிகைக் கடைப் பற்று துணைநின்றது. அவர் பெயரில் அமையும் உதவித்தொகையும் அந்த இடைவெளியிலேயே நிற்க வேண்டும்.

மதிப்பெண்ணும் தேவையும்

தேவையைப் பார்த்துக் கொடுத்தால் வேண்டியவர்க்கே போய்ச் சேரும், மதிப்பெண் ஒன்றே நடுவுநிலையான அளவுகோல் என்று சிலர் கூறுவர். இந்த ஐயத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பியதன் விளைவுக்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கரின் மகனான இராமானுசன், அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907 இல் தேர்வில் தவறினார். அதன் பின்னர் அவருடைய கணிதத்தை நேரில் கண்டறிந்த நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைத் தாங்கினார். 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. விதி கைவிட்டவரை, நேரில் அறிந்த ஒருவரின் தீர்ப்பு காப்பாற்றியது.

எல்லாரும் இராமானுசர் ஆவதில்லை. ஒரு பருவத்தில் ஒரு பாடத்தில் தவறிய மாணவியின் தொகையை உடனே நிறுத்துவதற்கு முன், அந்தப் பருவத்தில் அவள் வீட்டில் என்ன நேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கொள்ளும் பாடம். குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றை வாயிலாக வைக்கலாம். வாயிலைக் கடந்தவர்களுள் யாருக்கு என்பதைத் தேவை தீர்மானிக்கட்டும். குடும்பத்தார் ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவர் என மூவர் சேர்ந்து முடிவெடுத்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் வேண்டியவர்க்கே போகும் என்னும் ஐயமும் பெரும்பாலும் நீங்கும்.

நிதி நிலைத்து நிற்க

நல்லெண்ணத்தால் மட்டும் நிதி நிலைப்பதில்லை. பச்சையப்ப முதலியார் 1794 இல் மறைந்தபோது, பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கென எழுதி வைத்திருந்தார். அச்செல்வம் நெடுங்காலம் வழக்குகளில் சிக்கியது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 1842 இல்தான் அவர் பெயரில் சென்னையில் பள்ளி தொடங்கியது. இடையில் 48 ஆண்டுகள் கடந்துவிட்டன. பொறுப்பேற்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்பதை முதல் நாளே தெளிவாக வகுத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு குடும்பம் 10 இலட்சம் ரூபாயை நிலை வைப்பில் இடுகிறது எனக் கொள்வோம். வட்டி 6.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 65,000 ரூபாய் கிடைக்கும். முழு வட்டியையும் ஆண்டுதோறும் வழங்கிவிட்டால், முதல் அப்படியே இருக்கும். ஆனால் அதன் மதிப்பு இருக்காது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமானால், 12 ஆண்டுகளில் அதே 65,000 ரூபாய் இன்றைய 32,500 ரூபாய் அளவுக்கே பயன்படும். வட்டியில் 25,000 ரூபாயை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்து வந்தாலும், 12 ஆண்டு முடிவில் முதல் 13 இலட்சமாகவே வளர்ந்திருக்கும். மதிப்புக் குறையாமலிருக்க அது 20 இலட்சத்தை எட்டியிருக்க வேண்டும்.

எஞ்சிய குறையை நிரப்ப மகமை முறை உதவும். அக்கடையின் பழைய வாடிக்கையாளர்கள் 50 பேர், மாதம் 100 ரூபாய் வீதம் தம் கணக்கிலிருந்து தானாகவே செல்லுமாறு வங்கியில் நிலையான ஆணை கொடுத்துவிட்டால், ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். ஏறத்தாழ 9 இலட்சம் ரூபாய் வைப்பு ஈட்டும் வட்டிக்கு இது நிகர். பெருமுதல் திரட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க இயலாதவரும் இதில் முழுப் பங்காளர் ஆகிறார்.

மேலும் சில நடைமுறைகள் உண்டு. நிதியைத் தனி ஒருவர் பெயரில் வைக்காமல், முறையாக எழுதிப் பதிவு செய்த அறக்கட்டளையின் பெயரிலோ, கல்லூரியின் நிதியில் தனித் தலைப்பிலோ வைப்பது நன்று. அறக்கட்டளைக்குரிய வரிப் பதிவுகளைத் தொடக்கத்திலேயே ஒரு கணக்காயரைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். பணம் எடுக்க இருவர் கையொப்பம் கட்டாயமாக இருக்கட்டும். வங்கி வைப்புகளுக்கான காப்பீடு, முதலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒரு வைப்பாளர்க்கு 5 இலட்சம் ரூபாய் வரை என்பதையும் மனத்தில் கொண்டு திட்டமிடலாம். தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவைப் பங்களித்தோர் அனைவர்க்கும் அனுப்புவோம். அதில் தொகைகள் இருக்கட்டும், பெற்றவர் பெயர்கள் வேண்டா.

நம் ஊரில்

இப்பகுதித் தமிழர்க்கும் இதில் ஒரு மரபு உண்டு. மல்காஜ்கிரிக்கு அருகில், செகந்தராபாத்தில் உள்ள மகபூப் கல்லூரியின் தொடக்கம் 1862 இல் சோமசுந்தர முதலியார் நிறுவிய பள்ளியாகும். விவேகானந்தர் 1893 இல் அமெரிக்கப் பயணத்துக்கு முன் உரையாற்றிய இடம் அது. வந்து குடியேறிய ஊரில், தம் மொழியினர்க்கு மட்டுமென்று எல்லை வகுக்காமல் கல்விக்கு இடம் அமைத்த முன்னோர் நமக்கு இருந்தனர். தெலுங்கும் உருதும் தமிழும் பேசியவர்க்கெல்லாம் ஒரே தராசில் நிறுத்துக் கொடுத்த கடைக்காரர் பெயரில் அமையும் உதவித்தொகைக்கும் அந்தப் பரந்த மனமே பொருந்தும்.

ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கொடுப்பதால் நாடு மாறிவிடுமா, இது அரசின் கடமையன்றோ என்று கேட்பவர்களும் உளர். அரசின் கடமை அரசுக்கு இருக்கட்டும்; அதை நாம் வலியுறுத்திக் கேட்கவும் வேண்டும். ஆனால் தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை என்றால், அந்த மாணவிக்கு வியாழக்கிழமையே பணம் வேண்டும். அந்த வேகத்தில் செயல்பட அருகில் இருப்பவரால் மட்டுமே முடியும். ஆகவே, நினைவு நிதி தொடங்குவோர் அதில் ஒரு பகுதியை எந்த மாதத்திலும் மூன்று நாட்களுக்குள் வழங்கத்தக்கதாகச் சேமிப்புக் கணக்கில் தனியே வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம்.

நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் எங்கேனும் அந்தக் கணக்கு நோட்டு இருந்தால் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். துவரம்பருப்பு, புளி, விளக்கெண்ணெய் என்று வரிசையாக எழுதப்பட்ட பக்கங்களின் இறுதியில் நாம் திருப்பிக் கொடுத்த தேதியும் இருக்கும். அந்தப் பணத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்டோம். நம்மை நம்பிப் பற்று எழுதியதை மட்டும் இன்னும் யாருக்கும் திருப்பிச் செலுத்தவில்லை. அதைச் செலுத்த வேண்டிய இடம், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலில் நிற்கும் ஒரு மாணவரின் கணக்கு.